பாய்மரப் படகுல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரா தீவு தீவா வாழறது, நிஜமா முடியுமா?

சேலையூர்சிவா

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 51, வீட்ல அவங்களுக்கு 47. பொண்ணு வேலைக்கு போயிட்டா. ஒரு பழைய 36, 38 அடி பாய்மரப் படகு வாங்கி மலேசியாவுல லங்காவி, தாய்லாந்துல ஃபுக்கெட், அப்படியே மாலத்தீவுன்னு அஞ்சாறு வருஷம் சுத்தணும்னு ரொம்ப நாளா ஆசை. போன வருஷம் சென்னைல டிங்கி, அதான் குட்டி பாய்மரப் படகு, கோர்ஸ் முடிச்சேன், பெரிய படகு இன்னும் ஓட்டினது கிடையாது. நிஜமா அப்படி வாழறவங்க யாராவது இங்க இருந்தா சொல்லுங்க, எவ்ளோ செலவாகும், எந்த மாசம் எங்க இருக்கணும், பயம் எதுல. வீட்ல அவங்களுக்கு நீச்சல் தெரியாது, "நீங்க ஓட்டுங்க, நான் சமையல பாத்துக்கறேன்"னு சொல்லிட்டாங்க, அதனால படகு சம்பந்தப்பட்டது எல்லாம் நானே பாத்துக்கறதா இருக்கேன்.

கொடைரோடு_பாலா

நல்ல முடிவு சிவா சார். இங்க விஜி அக்கா இருக்காங்க, அவங்க வீட்டுக்காரரோட படகுலயே இருக்காங்க, சிக்னல் கெடைக்கறப்ப வந்து எழுதுவாங்க. வெயிட் பண்ணுங்க.

நங்கூரம்விஜி

சிவா சார், வணக்கம். பாலா தம்பி கூப்ட்டதால வந்தேன். நாங்க திருச்சி, சிங்கப்பூர்ல வேலை பாத்தோம், 2015ல லங்காவில ஒரு 38 அடி படகு வாங்கினோம், 1988ல கட்டினது, ஃபைபர்கிளாஸ். வருஷத்துல ஏழு எட்டு மாசம் படகுல, மீதி மாசம் திருச்சில எங்க அம்மாகிட்ட.

உங்க கேள்விக்கெல்லாம் அப்புறம் வரேன், முதல்ல உங்க கடைசி வரிய பத்தி பேசணும். எல்லாம் நானே பாத்துக்கறேன்னு எழுதியிருக்கீங்க. அத மாத்துங்க சார். கோவிச்சுக்காதீங்க, நானும் முதல் வருஷம் உங்க வீட்டம்மா மாதிரிதான் இருந்தேன், அவர் ஓட்டுவார் நான் சமைப்பேன். அப்புறம் 2018 பிப்ரவரில என்ன நடந்துச்சுன்னு சொல்றேன்.

லங்காவில இருந்து இலங்கை காலி துறைமுகம் சுமார் 1,200 கடல் மைல். எங்க படகு ஒரு நாளைக்கு 120 போகும், பத்து நாள் கணக்கு. சுமத்ராவோட வடக்கு முனைய தாண்டிட்டா பின்னாடி இருந்து வடகிழக்கு காத்து சீரா தள்ளும், அந்த மாசத்துல வங்காள விரிகுடால அதுதான் நல்ல ரூட். ஆறாவது நாள் ராத்திரி 11 மணி, என் டியூட்டி முடிஞ்சு அவர எழுப்பப் போறேன், மனுஷன் தரைல சுருண்டு கெடக்கார், இடுப்ப புடிச்சுக்கிட்டு, வாந்தி, முகமெல்லாம் வேர்வை. கல்லடைப்பு. வெயில்ல தண்ணி சரியா குடிக்காம நாலு நாள் வேலை பாத்ததோட பலன்னு அப்புறம் டாக்டர் சொன்னார். கரைக்கு இன்னும் 400 மைலுக்கு மேல, ஹெலிகாப்டர் எல்லாம் அங்க வராது. மருந்து பெட்டில இருந்த வலி ஊசிய நான்தான் போட்டேன், சாட்டிலைட் ஃபோன்ல திருச்சி டாக்டருக்கு மெசேஜ் போட்டு டோஸ் கேட்டுக்கிட்டேன். அதுக்கப்புறம் மூணரை நாள் நான் ஒருத்தி.

பெரிய பாய ரெண்டு மடிப்பு சுருக்கி கட்டினேன், வேகம் கொறஞ்சாலும் பரவால்லன்னு. படகுக்கு பின்னாடி விண்ட்வேன்னு ஒண்ணு மாட்டியிருக்கோம், காத்து புடிச்சே சுக்கான திருப்பும், கரண்ட் வேண்டாம், அதுக்கு நான் பேரே வெச்சிருக்கேன், தம்பின்னு. தம்பி ஓட்டுவான், நான் 20 நிமிஷம் அலாரம் வெச்சு தூங்குவேன், எந்திரிச்சு சுத்தி ஒரு ரவுண்டு அடிவானத்த பாப்பேன், ஸ்கிரீன்ல கப்பல் இருக்கான்னு பாப்பேன், அவருக்கு ரெண்டு மடக்கு தண்ணி, திரும்ப 20 நிமிஷம். பத்தாவது நாள் காலைல காலி துறைமுகத்த விஎச்எஃப் ரேடியோல கூப்ட்டப்ப என் குரலே எனக்கு தெரியல.

அன்னிக்கு பாய சுருக்க எனக்கு தெரியாம இருந்திருந்தா? முந்தின வருஷம் அவரோட சண்டை போட்டு சண்டை போட்டு கத்துக்கிட்டது அது.

முத்துநகர்_மாலுமி

விஜி மேடம் எழுதினத படிச்சு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். நான் தூத்துக்குடி, சரக்குக் கப்பல்ல செகண்ட் ஆபீசர், அந்த தண்ணில வருஷத்துக்கு நாலஞ்சு தடவை போறவன். கப்பல் பக்கத்துல இருந்து ஒரு வார்த்தை சொல்றேன், சிவா சார் இத கட்டாயம் தெரிஞ்சுக்கணும்.

மலாக்கா ஜலசந்தில இருந்து சூயஸ் போற கப்பல் பூரா இலங்கைக்கு தெற்கே தெய்வேந்திரமுனைக்கு கீழதான் போவோம், வரிசையா, பஸ் ஸ்டாண்ட் மாதிரி இருக்கும். நாங்க 18, 20 நாட் வேகத்துல வருவோம். 20 நாட்னா மணிக்கு 20 கடல் மைல், அதாவது 6 கடல் மைல் தள்ளி இருக்கற உங்ககிட்ட 18 நிமிஷத்துல வந்துருவோம். உங்க படகு ஃபைபர், ரேடார்ல சரியா விழாது, கடல் கொஞ்சம் ஆடினா அலையோட அலையா மறைஞ்சிரும். இன்னொண்ணு, டெக் நிறைய கன்டெய்னர் அடுக்கியிருந்தா எங்க முன் முனைக்கு முன்னாடி 500 மீட்டர் வரைக்கும் கடல் எங்களுக்கு தெரியவே தெரியாது, சர்வதேச விதியே அதிகபட்சம் அவ்ளோ மறைவ அனுமதிக்குது. அதனால ஏஐஎஸ்ல, அதான் கப்பலோட பேரையும் இடத்தையும் ரேடியோல அனுப்பற கருவி, சும்மா எங்கள பாக்கற ரிசீவர் மட்டும் வாங்காதீங்க, உங்க பேரும் இடமும் எங்க ஸ்கிரீன்ல விழற மாதிரி டிரான்ஸ்பாண்டர் போடுங்க. சந்தேகமா இருந்தா விஎச்எஃப் ரேடியோ சேனல் 16ல கப்பல் பேர சொல்லி கூப்டுங்க. பேர் சொல்லி கூப்ட்டா காது கொடுப்போம், "ஹலோ ஷிப்"னு கூப்ட்டா எந்த ஷிப்னு யாருக்கு தெரியும்.

ஆனா மேடம், 20 நிமிஷ தூக்கம்னு சொன்னீங்க பாருங்க, அது மேல சொன்ன 18 நிமிஷத்த விட அதிகம், நீங்க எந்திரிக்கறதுக்குள்ள கப்பல் வந்துரும். நீங்க கஷ்டத்துல செஞ்சது, தப்பு சொல்லல. புதுசா வர்றவங்க அத வழக்கமா எடுத்துக்கக் கூடாதுன்னு சொல்றேன்.

நங்கூரம்விஜி

தம்பி சொல்றது முழுக்க சரி. எனக்கு அலாரம் வெச்ச டிரான்ஸ்பாண்டர் இருந்துச்சு, கப்பல் கிட்ட வந்தா கத்தும், அந்த தைரியத்துலதான் 20. கடைசி ராத்திரி, நீங்க சொன்ன அந்த வரிசைக்குள்ள வந்தப்ப, நான் கண்ணே மூடல. விடிகாலை 3 மணிக்கு ஒரு கப்பல் நேரா வந்துது, சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் ரெண்டும் சேந்து தெரிஞ்சா நம்ம மேலயே வருதுன்னு அர்த்தம். பேர படிச்சு கூப்ட்டேன். பதில் சொன்னவர் ஒரு தமிழ்க்காரர்னு அவர் இங்கிலீஷ்லயே தெரிஞ்சுது. "மேடம் ஐ சீ யூ, ஆல்ட்டரிங் டு ஸ்டார்போர்ட்"னார். பச்சை விளக்கு மெதுவா மறைஞ்சு சிவப்பு மட்டும் நின்னுது. இப்ப எழுதறப்பவும் கண்ணு கலங்குது.

வல்வை_குமரன்

அக்கா வணக்கம், நான் வல்வெட்டித்துறை, இப்ப கனடாவில இருக்கிறன். நீங்கள் சொன்ன அந்த வடகிழக்குக் காத்த எங்கட ஊரில வாடை எண்டு சொல்லுறது, தென்மேற்கால வாறது சோளகம். எங்கட ஆக்கள் சோளகத்தில பர்மாவுக்குப் போய் வாடையில திரும்பி வாறவை. எங்கட ஊரில கட்டின அன்னபூரணி 1938 இல பாய் விரிச்சு அமெரிக்காவின்ர குளோசெஸ்டர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது, ஓட்டினது எங்கட ஊர்ப் பெடியள். அதால இதக் கேக்கவே எனக்கு உடம்பு சிலிர்க்குது. ஒரு கேள்வி அக்கா, அப்ப ஆம்பிளையள் கடலுக்குப் போக வீட்டில பொம்பிளையள் மாசக்கணக்கா காத்திருந்தவை, எங்கட அம்மம்மாவும்தான். நீங்கள் கூடவே போறீங்கள். ஒரு சின்ன இடத்துக்குள்ள ரெண்டு பேர் நாள் முழுக்க இருந்தா சண்டை வராதோ?

நங்கூரம்விஜி

வரும் தம்பி, நல்லாவே வரும். அதுலயும் நங்கூரம் போடறப்பதான் உலகத்துல எல்லா ஜோடியும் சண்டை போடும். ஒருத்தர் முன்னாடி சங்கிலிகிட்ட, ஒருத்தர் பின்னாடி சுக்கான்ல, நடுவுல இன்ஜின் சத்தம், கத்தினாத்தான் கேக்கும், கத்தினா திட்டற மாதிரி இருக்கும். நாங்க கை ஜாடைக்கு மாறினோம். கைய உயர்த்தினா நிறுத்து, கட்டைவிரல் பின்னாடி காட்டினா ரிவர்ஸ், முஷ்டினா சங்கிலி புடிச்சிருச்சு. அதோட வேலையையும் மாத்தினோம், நான் சுக்கான்ல, அவர் சங்கிலில. நிறைய படகுல ஆம்பள சுக்கான புடிச்சுக்கிட்டு பொம்பளைய முன்னாடி கனமான வேலைக்கு அனுப்பறாங்க, ஏன்னு எனக்கு இன்னிக்கும் புரியல. 10 மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்கு 2 கிலோவுக்கு மேல கனம்.

எவ்ளோ சங்கிலி விடறதுன்னு ஒரு உதாரணம் சொல்றேன். லங்காவில ஓதம் பெருசு, ஏற்றத்துக்கும் வத்தத்துக்கும் 3 மீட்டர் வித்தியாசம் வரும். வத்தத்துல 7 மீட்டர் ஆழம்னு போட்டா ஏற்றத்துல அது 10, தண்ணிக்கு மேல படகோட மூக்கு 1.2, கூட்டினா 11.2, அதுக்கு அஞ்சு மடங்கு 56 மீட்டர். நாங்க 60 விடுவோம். வத்தத்துல வந்து 7க்கு கணக்கு பாத்து 35 விட்டுட்டு தூங்கினவங்க படகு ராத்திரி எங்க மேல வந்து இடிச்சிருக்கு. அது சுமத்ரா ஸ்குவால் ராத்திரி, தென்மேற்கு பருவ மாசங்கள்ல விடியறதுக்கு முன்னாடி சுமத்ரா பக்கம் இருந்து ஒரு கறுப்பு வரிசை வரும், பத்தே நிமிஷத்துல காத்து 40 நாட்டுக்கு எகிறும், கூடவே இடி. மின்னல் தொடங்கினா ஃபோன், கையடக்க ஜிபிஎஸ், லேப்டாப் எல்லாத்தையும் சமையல் ஓவனுக்குள்ள வெச்சு மூடிடுவேன், சுத்தி இரும்பு இருக்கறதால மின்னலோட பாதிப்பு உள்ள போகாதுன்னு நம்பிக்கை.

குமரன் தம்பி, உங்க அம்மம்மாவ பத்தி சொன்னீங்களே, அத அவர்கிட்ட படிச்சு காட்டினேன்.

கொடைரோடு_பாலா

அக்கா சந்தோஷமான விஷயமும் சொல்லுங்க, சிவா சார் பயந்துடப் போறார்!

நங்கூரம்விஜி

சொல்றேன் தம்பி, அதுக்குத்தானே இவ்ளோவும்.

2019ல மாலத்தீவுக்கு வடக்கு வாசல், உலிகமுன்னு ஒரு குட்டி தீவு, அங்க போய் நின்னோம். நடந்தா அரை மணில ஊர் முடிஞ்சிரும், வெள்ளை மணல் தெரு, சாயங்காலம் பொம்பளைங்க கூட்டி சுத்தமா வெச்சிருப்பாங்க. தோளும் முழங்காலும் மறைச்சு துணி போட்டுக்கிட்டுதான் கரைக்கு போகணும், மக்கள் வாழற தீவுல மது கூடாது, அந்த மரியாதைய கொடுத்தா அவங்க மாதிரி உபசரிக்கறவங்க கெடையாது. ஒரு வீட்டு வாசல்ல சூரை மீன வேகவெச்சு, புகை போட்டு, வெயில்ல காயவெச்சிருந்தாங்க, கட்டை மாதிரி கறுப்பா. மூக்குல ஏறின உடனே எனக்கு தெரிஞ்சுபோச்சு, நம்ம மாசிக் கருவாடு! எங்க ஆத்தா ராமநாதபுரம், அம்மியில இடிச்சு தேங்காயோட சம்பல் பண்ணுவாங்க. அந்த வீட்டு அம்மாவும் தேங்காய், வெங்காயம், மிளகாய் போட்டு பெசஞ்சு ரொட்டியோட கொடுத்தாங்க. பாஷை ஒண்ணும் புரியல, நான் அவங்க கைய புடிச்சுக்கிட்டு "மாசி, மாசி"ன்னேன், அவங்க "மஸ், மஸ்"ன்னாங்க.

அங்க படகோட்டறது தனி வித்தை. பவளப்பார் எங்க பாத்தாலும், மேப்ப நம்ப முடியாது, கண்ணாலதான் ஓட்டணும். காலை 10க்கு மேல மதியம் 3க்குள்ள, சூரியன் உச்சில இல்லன்னா முதுகுக்கு பின்னாடி இருக்கணும். கரும்நீலம்னா ஆழம், வெளிர் பச்சைன்னா மணல், பழுப்பா இருந்தா பார், மோதினா படகு போச்சு. பாய்மரத்துக்கு மேல பாதி உயரம் ஏறி உக்காந்து நான் கை காட்டுவேன், அவர் ஓட்டுவார். நங்கூரம் மணல் திட்டுல மட்டும்தான் போடுவோம், சங்கிலி பவளத்து மேல இழுபடாம இருக்க நடுநடுவுல மிதவை கட்டி தூக்கி விடுவோம். நிறைய பவள வகை விரலளவு வளர பல வருஷம் ஆகும், நம்ம ஒரு ராத்திரி தூக்கத்துக்காக அத நசுக்கறது பாவம். இத நான் கெஞ்சியே கேக்கறேன் சிவா சார்.

சேலையூர்சிவா

மேடம், எல்லாத்தையும் வீட்ல படிச்சு காட்டிக்கிட்டு இருக்கேன். செலவு பத்தியும் சொன்னா நல்லா இருக்கும்.

நங்கூரம்விஜி

நான் விஜியோட வீட்டுக்காரர், கணக்கு என் வேலை அதனால நான் எழுதறேன். படகு 52,000 டாலர், அதோட நிக்காது, முதல் வருஷமே பாய்மரத்த தாங்கற கம்பி வடம் மொத்தமும், ரெண்டு பாயும், சோலாரும், பேட்டரியும் மாத்தி இன்னொரு 20,000 போச்சு. வருஷத்துக்கு படகு விலைல பத்துல ஒரு பங்கு பராமரிப்புக்கு ஒதுக்குன்னு பொதுவா சொல்லுவாங்க, எங்களுக்கும் அதான் வருது. மத்தபடி சாப்பாடு, டீசல், பர்மிட், இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து மாசம் சராசரி 1,30,000 ரூபா. நங்கூரம் போட்டு நின்னா வாடகை இல்ல, மரீனான்னு சொல்ற வாடகை படகுத்துறைல கட்டினா கை கடிக்கும். ஒன்றரை வருஷத்துக்கு ஒரு தடவை படக தூக்கி கரைல வெச்சு அடில ஒட்டியிருக்கற கொட்டலசு சுரண்டி விஷப் பெயின்ட் அடிக்கணும், அந்த ரெண்டு வாரம் வெயில்ல ஏணி ஏறி இறங்கி வாழணும்.

தண்ணி ரெண்டு பேருக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டர்ல ஓட்டுவோம், பாத்திரம் கடல் தண்ணில கழுவி கடைசில மட்டும் நல்ல தண்ணி. மீன் தூண்டில்ல சூரை, சில நேரம் வஞ்சிரம் வரும். பார்கிட்ட புடிச்ச பெரிய சீலா மட்டும் சாப்பிடாதீங்க, பாசில இருந்து சின்ன மீன் வழியா ஏறுற ஒரு விஷம் பெரிய மீன்ல சேந்திருக்கும், சமைச்சாலும் போகாது.

கல்லடைப்பு விஷயத்துல அவ ஒண்ண சொல்லல. எட்டாவது நாள் இன்ஜின் சூடாகி அலாரம் அடிச்சுது, பேட்டரி ஏத்த போட்டிருந்தா. கடல் தண்ணி இழுக்கற பம்புக்குள்ள ரப்பர் இறக்கை இருக்கும், அது பிஞ்சிருச்சு. நான் படுத்த எடத்துல இருந்து சொல்ல வாய் வரல. அவளே மூடிய கழட்டி, புதுசு மாட்டி, அதோட நிக்காம பழசுல எத்தனை இறக்கை கொறையுதுன்னு எண்ணி, மூணு துண்டு, அந்த மூணும் குழாய்க்குள்ள எங்க போய் அடைச்சிருக்குன்னு தேடி டார்ச்ச பல்லுல கடிச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா எடுத்தா. மூணாவது துண்டு கெடைக்கற வரைக்கும் இன்ஜின ஸ்டார்ட் பண்ணல. நான் பாத்துக்கிட்டே படுத்திருந்தேன்.

முத்துநகர்_மாலுமி

வணங்குறேன் மேடம். கடற்படைல ரூபா, தில்னான்னு ரெண்டு பெண் அதிகாரிங்க, ரூபா நம்ம புதுச்சேரி, ரெண்டே பேரா தாரிணி படகுல 2024 அக்டோபர் 2 கோவால கிளம்பி 2025 மே 29 திரும்பினாங்க, தென் அமெரிக்காவோட தெற்கு முனை கேப் ஹார்ன் சுத்தி 25,000 கடல் மைலுக்கு மேல. ரெண்டு பேருக்கும் எல்லா வேலையும் தெரியும். சிவா சார் வீட்ல இத சொல்லுங்க.

சேலையூர்சிவா

நான் சிவாவோட மனைவி எழுதறேன், அவர் ஐடிலயே. மூணு நாளா படிச்சேன். விஜி அக்கா, என் பயம் புயல் கிடையாது. ராத்திரி அவர் கால் வழுக்கி தண்ணில விழுந்துட்டா நான் என்ன பண்ணுவேன்? வீடியோல எல்லாம் ஒருத்தர் விழுந்தவர விரல் நீட்டி பாத்துக்கிட்டே இருக்கணும்னு சொல்றாங்க. நான் விரல் நீட்டிக்கிட்டு நின்னா படக யார் ஓட்டறது?

நங்கூரம்விஜி

தங்கச்சி, இந்த கேள்விய கேட்டீங்க பாருங்க, நீங்க படகுக்கு வந்தாச்சு.

6 நாட் வேகத்துல படகு ஒரு நிமிஷத்துக்கு 185 மீட்டர் போயிரும். ஒரு மீட்டர் அலைல மனுஷ தலை தேங்காய் மாதிரி, அவ்ளோ தூரத்துல தெரியாது. ரெண்டு பேர் படகுல விரல் நீட்ட ஆள் இல்ல, அதனால தூரம் போகாம படக நிறுத்தணும், அதான் நம்ம வழி. கைல கெடைக்கற மிதக்கற சாமான், மிதவை, குஷன், எல்லாத்தையும் வீசுங்க, ஜிபிஎஸ்ல அதுக்குன்னு இருக்கற பட்டன அமுக்குங்க, அந்த எடம் பதிவாகும். அப்புறம் முன்பாய் கயித்த தொடாம சுக்கான மட்டும் திருப்பி படகோட மூக்க காத்து வர்ற பக்கத்த தாண்டி கொண்டு போங்க, முன்பாய் எதிர்ப்பக்கம் அடிச்சு காத்து புடிச்சு படகு கிட்டத்தட்ட நின்னுடும். பத்து தடவை பழகினா கை தானா செய்யும். தண்ணில கயிறு எதுவும் தொங்கலன்னு பாத்துட்டு இன்ஜின் போட்டு மெதுவா கிட்ட போங்க, நெருங்கினதும் நியூட்ரல், புரொப்பல்லர் சுத்தக் கூடாது.

இவ்ளோ செஞ்சும் உயிர் போறது எங்கன்னா, மேல தூக்க முடியாமத்தான். நனைஞ்ச ஆம்பளைய கையால தூக்கவே முடியாது. பாய ஏத்தற கயித்த அவர் போட்டிருக்கற பாதுகாப்பு வார்ல (ஹார்னஸ்) மாட்டி, விஞ்ச்ல, அதான் கைப்பிடி போட்டு கயித்த சுத்தி இழுக்கற உருளைல, சுத்தி தூக்கணும். நாங்க ஒவ்வொரு சீசனும் தொடங்கறப்ப நங்கூரத்துல நிக்கறப்ப பழகுவோம், அவர் தண்ணில குதிச்சு கை கால் அசைக்காம மிதப்பார், நான் தனியா மேல கொண்டு வரணும். 2016ல முதல் தடவை 40 நிமிஷம் ஆச்சு, உக்காந்து அழுதேன். இப்ப 6 நிமிஷம்.

அதுக்கும் முன்னாடி, விழாம இருக்கறது. ராத்திரி இன்னொருத்தர எழுப்பாம யாரும் பின்கட்டு பள்ளத்த, அதான் சுக்கான் புடிக்கற எடத்த, விட்டு வெளிய வரக்கூடாது, வந்தா வார் மாட்டியிருக்கணும். எங்க வீட்ல இதுக்கு மாத்தே கெடையாது, பத்து வருஷத்துல ஒரு தடவை கூட.

நீச்சல் கட்டாயம் கத்துக்கோங்க. ஜனவரில நாங்க லங்காவில இருப்போம், ரெண்டு பேரும் வந்து ரெண்டு வாரம் எங்களோட இருங்க. சமையல் நான் பாத்துக்கறேன், நீங்க சுக்கான புடிங்க.

சேலையூர்சிவா

அக்கா, திரும்ப நான்தான். நீச்சல் க்ளாஸ் தாம்பரத்துல பேர் கொடுத்தாச்சு, பொம்பளைங்களுக்கு காலைல 6 மணி. ஒரே ஒரு சந்தேகம். இவர் 84 கிலோ. அந்த விஞ்ச்ல 84 கிலோவ என்னால சுத்த முடியுமா?

நங்கூரம்விஜி

எங்க விஞ்ச் 40க்கு 1. கயிறு உரசறதையும் சேத்து பாத்தா கைக்கு நாலஞ்சு கிலோ கனம்தான் தெரியும். அரிசி பை தூக்கறத விட கம்மி.

சேலையூர்சிவா

அப்ப ஜனவரி ரெண்டாவது வாரம் வரோம் அக்கா. முதல்ல இவரத்தான் தண்ணில தள்ளப் போறேன்.